டாக்டரம்மாவிடம் இவர் மறைத்தது

செவ்வாய், இரவு

கிட்னி நோயோடு சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து, இவருக்கு டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

இன்று டாக்டரம்மா, "வேற தொந்தரவு இருக்குங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் இவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு நாளா வெளிக்குப் போகலீங்க. சொல்ல வெக்கப்படறாரு" என்று போட்டு உடைத்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதைத்தானுங்க முதல்ல சொல்லோணும். குடல்ல கழிவு தங்கினா நச்சு ரத்தத்துல சேரும். அதை வெளியேத்த உங்க கிட்னிக்குத் தெம்பு பத்தாது" என்று மருந்து எழுதினார். தொற்று அடங்கிவிட்டதாம். கிரியேட்டினினும் இறங்கியிருக்கிறதாம். இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாமாம்.

பல்லடம் வரும்வரை பஸ்ஸில் இவர் என்னோடு பேசவே இல்லை. இறங்கினதும், "அடுத்த தடவையும் நீயே சொல்லிரு" என்றார். நடுரோட்டில் நின்று சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாயிற்று!