நாலு மணிக்கு வருகிற இருவர்

மார்ச் 4
இன்றிலிருந்து அக்காவைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் வருகிறார்கள், தினமும் நாலு மணிக்கு. ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. கோயில் நடத்தும் சேவை இல்லத்து ஆட்கள். சம்பளம் மட்டும் அரசாங்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவுக்குப் பேச்சில்லை, வலது பக்கம் அசைவில்லை. துடைத்து, உடை மாற்றி, பக்கம் புரட்டிப் படுக்கவைக்கிறார்கள்.

கழுத்தில் சாமி படம் போட்ட அட்டை. அரசாங்கக் காசில் சாமிக்கு விளம்பரமா?

"வேலை நேரத்துல சாமி பேச்சே எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு சார்" என்றார் குட்டை.

முப்பது வருடம் கடை கடையாகத் தராசு சோதித்தவன் நான். விதி இருக்கிற இடத்தில்தான் தட்டுக்கு அடியில் காந்தம் இருக்கும்.

மார்ச் 9
"ஏதாவது மந்திரம் சொன்னாங்களா?" என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினாள். இல்லை என்கிறாளா, ஈயை விரட்டுகிறாளா?

மார்ச் 15
போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தேன். வெட்கம்தான். "மெதுவா, மெதுவா." "முதுகு சிவந்திருக்கு பாரு." "உங்க தம்பி கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறாரு, சிரிக்காதீங்கம்மா." கடைசியில் இரண்டு நிமிடம் சத்தமே இல்லை.

அந்த இரண்டு நிமிடம் என்ன செய்தார்கள்?

மார்ச் 16
அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தேன்: வரிப்பணத்தில், ஓசையில்லாமல், மதப் பிரசாரம். எழுத்தர் சிரித்தார். "மனசுக்குள்ள வேண்டிக்கிட்டா நாங்க எப்படி சார் சோதிக்கிறது?" ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 28
கடிதம் வந்துவிட்டது. என்னுடையது உட்படப் பல புகார்களின் பேரில் இல்லத்துக்கு நிதி நிறுத்தம். இனி அரசு செவிலியர். ஜெயித்துவிட்டேன்! அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மே 11
செவிலியர் வந்தார். நல்ல பெண். "என் பேர்ல நூத்திப் பத்து வீடு இருக்கு சார். இனி பத்து நாள் கழிச்சுத்தான். நடுவுல நீங்களே புரட்டிவிடுங்க."

மே 14
முடியல. எழுபத்தொரு வயசுல என்னால முடியல. தோளைப் பிடிச்சா இடுப்பு வரலை — இழுத்தேன் — அக்கா கத்திட்டா. பேச்சே வராத வாயிலேர்ந்து அப்படி ஒரு சத்தம்.

மே 20
முதுகுக்குக் கீழே புண், உள்ளங்கை அகலம். "யாரும் புரட்டிவிடலையா?" என்றார் டாக்டர். வேலியில் போகிற ஓணானை எடுத்துத் தன் மடியில் விட்டுக்கொள்வார்கள். நான் அக்கா மடியில் விட்டிருக்கிறேன்.

மே 21
இல்லத்துக்குப் போனேன். வாசலில் குட்டை வாளி கழுவிக்கொண்டிருந்தார். நெட்டை துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாராம்.

"உங்க மனுவை எங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்க சார்."

அக்காவின் புண்ணைப் பற்றிச் சொல்லி, வர முடியுமா என்று கேட்டேன்.

"வர்றேன். ஒருத்தியால புரட்ட முடியாது, நீங்களும் பிடிக்கணும். இன்னொண்ணு. இப்ப அரசாங்கக் காசும் இல்ல, விதியும் இல்ல. வாய்விட்டுத்தான் வேண்டிக்குவேன்."

அதானே பார்த்தேன்! "அக்காவைக் கேட்கணும்" என்றேன்.

"கேளுங்க. மனு எழுதறப்போ கேட்டீங்களா?"

மே 22
கேட்டேன். அக்கா இடது கையை, வந்து நின்ற குட்டையின் பக்கம் நீட்டினாள். நான் தோளையும் இடுப்பையும் தாங்கி நிற்க, குட்டை புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்: "இந்த அம்மாவுக்கு வலி குறையட்டும். தம்பிக்குத் தாங்கிப் பிடிக்கப் பலம் குடு. சந்தேகத்தையும் கொஞ்சம் குறை." கையை எடுத்தால் அக்கா சரிந்துவிடுவாள். முழுவதும் கேட்டேன்.

ஜூன் 3
இல்லத்துக்கு நிதியை மறுபடி கொடுக்கச் சொல்லி மனு. வேலை நேரத்தில் பிரார்த்தனை கூடாது என்ற விதியோடுதான். அவர்கள்மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. "நிறுத்தச் சொன்னதும் நீங்கதானே சார்?" என்றார் எழுத்தர். நானேதான் என்றேன். அடுத்த வருடம்தான் பார்ப்பார்களாம். அதுவரை பொறுத்திரு என்று புண்ணிடம் யார் சொல்வது?

ஜூன் 5
"நாளைக்கும் வருவீங்கல்ல?"

"முதல்ல பின் தெருவுல ஒரு பெரியவர் இருக்காரு சார். அங்க கூடப் பிடிக்க ஆளே இல்ல. முடிச்சுட்டு வர லேட்டாகும்."

எத்தனை வீடு இப்படி என்று கேட்கவில்லை. பயமாக இருந்தது.

ஜூன் 6
பின் தெரு, மாடி வீடு. பெரியவரின் தோளை நான் பிடித்தேன், காலைக் குட்டை. புரட்டி முடித்ததும் குட்டை வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினார்.

"இவரைக் கேட்டீங்களா?" என்றேன்.

கண்ணைத் திறந்து, பெரியவரிடம் கேட்டார்.