நான் கொட்டிய மழை

கோயில் மண்டபம்,
உடப்புசல்லாவை.

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், நீயும் மட்டக்களப்பில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் படிக்க நம் முனியாண்டி சாமி துணை நிற்கட்டும். விலாசத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நம் லயத்து வீட்டு வரிசையில் மண் சரிந்ததையும் நாங்கள் இங்கே வந்து தங்கியிருப்பதையும் போனிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அது அப்பாவுக்கே தெரியாது, எனக்கும் வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், படிக்கிற கணக்கையும் விஞ்ஞானத்தையும் வைத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்த வருஷம் மழை அளக்கத் தொடங்கியிருந்தார்கள். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, பக்கத்தில் அளவு போட்ட கடதாசி ஒட்டி, நாலு லயத்திலும் ஒவ்வொன்றைக் கம்பில் கட்டிவைத்து, தினம் பின்னேரம் ஆறு மணிக்குப் பார்த்து எழுதிவிட்டுக் கொட்டுவார்கள். ஒரு நாளில் நூறு மில்லிமீற்றரைத் தாண்டினால் அந்த லயத்து ஆட்கள் கோயில் மண்டபத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்று பேச்சு. நம் லயத்துப் போத்தலுக்குப் பொறுப்பு, கடைசிக் காம்பரா வீட்டுத் தங்கவேலுவின் மகள் கிருஷாந்தி. இதையெல்லாம் ஆட்களைக் கூட்டி விளக்கிய அன்றைக்கு நான் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கக் கிளினிக் போயிருந்தேன்.

போன வருஷம் உனக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அதிலிருந்து தேங்கின தண்ணீரைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எதையும் விட்டதில்லை, தோட்டத்து நுளம்புக்கெல்லாம் இவதான் எமன் என்று அப்பா கூடக் கிண்டல் பண்ணுவார். அப்படித்தான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் போத்தலையும், பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து வரும்போதெல்லாம் கொட்டிவிட்டு, பிள்ளைகள் விளையாட்டுக்கு வைத்தது என்று நினைத்து இருந்தபடியே திருப்பி வைப்பேன். ஒரு மாதமாக இதே வேலை. கிருஷாந்தி கீறின வரைபில் நம் லயத்துக் கோடு மட்டும் எப்போதும் கீழேயே கிடந்ததாம். போத்தல் ஒழுகுகிறது என்று இரண்டு தரம் மாற்றினாளாம், நீ பாத்து எழுதுற லட்சணம் அப்படி என்று கூடப் படிக்கிறவர்கள் சிரித்தார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு மணிக்கு அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள், ஐம்பத்தெட்டு. மற்ற மூன்று லயத்திலும் நூற்றிருபதுக்கு மேல். இந்தப் போத்தல நம்பாதீங்க, மத்த மூணையும் பாருங்க, ஒரே மலைதானே, எறங்கிருவோம் என்று வாசல் வாசலாகக் கெஞ்சினாள். அப்போதுதான் மகளே எனக்கு விளங்கியது. அது விளையாட்டுப் போத்தல் இல்லை. நான்தான் கொட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லயமே கூடி நின்றது, மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன், எப்படியும் எல்லாரும் இறங்கத்தானே போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எல்லாரும் இறங்கினோம். சிவசாமி அண்ணன் மட்டும், நம்ம போத்தல்ல அம்பத்தெட்டுதானே, மாட்ட விட்டுட்டு எங்க வர்றது என்று தங்கிவிட்டார். விடிவதற்குள் மண் சரிந்து மூன்று காம்பராவை மூடியது. அவரைத் தோண்டி எடுத்தார்கள், உயிர் இருக்கிறது, வலது காலைத்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் சம்சாரம் பூரணி மதினி இந்த மண்டபத்தில் கிருஷாந்தியைக் கண்ட இடத்திலெல்லாம், ஒம் போத்தலாலதான்டி எம் புருசன் கால் போச்சு என்று ஏசினாள். அந்தப் பிள்ளை, இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம், கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட பிறகு மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது மதினி முன்னால் போய், போத்தல்லயும் பிழை இல்ல, புள்ளயிலயும் பிழை இல்ல, தெனம் பகல்ல கொட்டுனது நாந்தான், அன்னைக்கு வெளங்குன பொறகும் சொல்லாம நின்னேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவள் இன்றுவரை என் முகம் பார்க்கவில்லை. அப்பாவும் அளந்துதான் பேசுகிறார்.

அன்று பின்னேரம் கிருஷாந்தி கொப்பியும் ஒரு போத்தலுமாக வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். பெரியம்மா, எத்தன மணிக்குக் கொட்டுவீங்க, எது வரைக்கும் தண்ணி நிக்கும் என்று கேட்டாள். ஞாபகத்தில் இருந்த நாளுக்கெல்லாம் போத்தலில் விரல் வைத்துக் காட்டினேன், பென்சிலால் குறித்துக்கொண்டாள், இது அளந்தது இல்லையாம், அதனால் பேனையால் எழுதக் கூடாதாம். கடைசியில் அந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டாள். காட்டினேன். எழுபத்திரண்டு என்று எழுதி, ஐம்பத்தெட்டைக் கூட்டி, கொப்பியை மூடிவிட்டாள். எவ்வளவு வந்துச்சு சொல்லு என்றேன். நூத்தி முப்பது பெரியம்மா என்றாள். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

உன் காய்ச்சலால்தானே இத்தனையும் என்று நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கொட்டியது தெரியாமல் செய்தது. பேசாமல் நின்றது தெரிந்து செய்தது, அதில் உனக்குப் பங்கில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிவசாமி அண்ணனிடம் என் வாயாலேயே சொல்லப் போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நுளம்பு வலைக்குள் படு. எந்த நோய்நொடியும் அண்டாமல் நீ படித்து நல்லபடி வர வேண்டும், அம்மாவின் ஆசி என்றைக்கும் உனக்கு உண்டு. விடுதியில் எங்கேயாவது தண்ணீர் தேங்கி நின்றால் கொட்டத்தான் வேண்டும். யார் எதற்கு வைத்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொட்டு.

உன் அம்மா,
சண்முகவடிவு