காற்று போகட்டும்

அன்புள்ளவளுக்கு,

நானும் சின்னவளும் நலம். அத்தையின் காலில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? நடக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல். இதை நானா சொல்கிறேன் என்று சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

சின்னவளுக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டேன். முதலில் நான் சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள். இப்போது தானே வந்து உட்காருகிறாள். கோணல்தான், ஆனாலும் பள்ளி விடும்வரை அவிழ்வதில்லை.

ஆலையில் தண்ணீர்ச் சோதனை பார்க்கும் ஆமை அண்ணன் நினைவிருக்கிறதா? நான் வாய் ஓயாமல் திட்டுவேனே, அவர்தான். வெல்டிங் முடிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இரும்பு மூடியால் அடைத்து, அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது அவர் வேலை. உள்ளேயுள்ள காற்றெல்லாம் வெளியேறும்வரை பம்பைத் தொடமாட்டார். மேல்துளையில் தண்ணீர் கொப்பளிக்காமல் சீராக வரவேண்டும். விரல் வைத்துப் பார்ப்பார், மறுபடி வைத்துப் பார்ப்பார். நமக்குப் பொறுமை போய்விடும்.

செவ்வாய்க்கிழமை குழாய் ஏற்றிப்போக லாரி வாசலில் நின்றது. பாக்கி ஒரே குழாய், நான் வெல்டிங் ஓட்டியது. அதன் முனையருகே நின்றுகொண்டு, “தண்ணிதானேண்ணே, பிரஷரை ஏத்துங்க” என்று கத்தினேன். சூப்பர்வைசரும் என் கட்சி. அண்ணனோ, “காத்து போகட்டும். நீ இந்தப் பக்கம் தடுப்புக்குப் பின்னால வா, அப்பத்தான் பம்பு ஓடும்” என்று கையைக் கட்டிக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டே தடுப்புக்குப் பின்னால் போனேன்.

அழுத்தம் ஏறியதும் முனையருகே வெல்டிங் பிளந்தது. மூடி கழன்று நான் முதலில் நின்ற இடத்திலேயே விழுந்தது, தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான். உள்ளே காற்று தங்கியிருந்தால், அழுந்திய காற்று வெடித்து விரிந்து அந்த மூடி குண்டுபோல் பறந்திருக்கும். நான் அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள். பயப்படாதே, என்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “தகடு ஓரம் சரியா சேரலடா, போய் வெல்டிங் மிஷினைப் பாரு” என்றார். அந்த மனிதருக்கு நான் என்ன செய்தாலும் ஈடாகாது.

நீ வந்ததும் அவரைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். சாப்பிடவும் வெகுநேரம் எடுப்பார். எடுக்கட்டும், நடுவில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடாதே.

இன்று காலை சின்னவள், “ஏம்பா இவ்வளவு மெதுவா பின்றே, நேரமாகுது” என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சடையை விட மனம் வரவில்லை.

அத்தை நன்றாக நடக்கட்டும், பிறகு கிளம்பு. பஸ் நின்றபின் இறங்கு. நான் இருக்கிறேன்.

உன்
அவசரக்காரன்