உள்ளே வேகாத கிழங்கு

அன்புள்ள அம்மாவுக்கு யுன்ஷியா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது பரவாயில்லை, பதறாதே.

ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. என் நரையைப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள் என்று, முடியைக் கறுப்பாக்கும் என்று சொல்லி மாமா விற்கும் ஹே ஷோ வூ கிழங்கை அனுப்பினாயே, அதை ஒரு மாதம் கஷாயம் வைத்துக் குடித்தேன். முடி கறுக்கவில்லை. கண்தான் மஞ்சளானது.

நான் கொண்டுபோன கிழங்கில் ஒரு துண்டை ஆஸ்பத்திரியின் மூலிகை வைத்தியர் உடைத்துக் காட்டினார். வெளியே கறுப்பு, உள்ளே வெளிர் சிவப்பு.

"கறுப்பு சோயாச் சாறு விட்டு ஒம்பது தடவ அவிச்சு, ஒம்பது தடவ காயவைக்கணும்மா. இதுல மேல சாயம்தான் ஏறியிருக்கு. பக்குவமா செஞ்சாலே சில பேருக்கு ஈரல் தாங்காது. நானே அளவு பாத்துத்தான் குடுப்பேன்" என்றார்.

ஊரில் இருக்கும் ஒரே போன் மாமா கடையில்தானே? கூப்பிட்டேன். "ஊரே குடிக்குது, உனக்கு மட்டும் என்னடி வந்துச்சு? உங்கம்மாகூட மிச்சத்த தினம் குடிக்கிறா" என்று சிரிக்கிறார்! உன்னைக் கூப்பிடச் சொன்னால் வைத்துவிட்டார். அவிக்கச் சோம்பல்பட்டவருக்கு நம் ஈரல்தான் கிடைத்ததா?

ஊறவைத்த மிளகாய் ஒரு ஜாடி அனுப்பு. இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை. என் நரை இப்படியே இருக்கட்டும்.

ஃபாக்டரியில் ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. அம்மா, அந்தக் கிழங்கைக் கொட்டிவிடு. இப்போதே கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய் உன் கண்ணைப் பார்.

யுன்ஷியா