பிணத்தில் ஏறிய போதை

அன்புள்ள அம்மாவுக்கு, மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். இந்த இக்கிதோஸ் ஊரின் வெக்கையும் பழகிவிட்டது.

போன வாரம், ஆற்றில் மூழ்கிய படகோட்டி எலியாசாரை இரண்டு நாள் கழித்துப் பிணப்பரிசோதனைக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தேன், நிற்க முடியாத அளவுக்குச் சாராயம்.

"ஒரு சொட்டுகூடத் தொடாத மனுசன், டாக்டரம்மா! குடிகாரன்னு எழுதிடாதீங்க" என்று அவர் மனைவி துல்சே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் எடுத்த ரத்தத்தில் அளவு கூடியிருந்தது. பிணம் குடிக்குமா? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுகும் உடல் தானே சாராயம் காய்ச்சிக்கொள்ளும் என்று படித்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கண்ணுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதை எடுத்துப் பார்த்தேன். சாராயம் துளியும் இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

"நான்தான் சொன்னேனே" என்று துல்சே அழுதாள்.

பயப்படாதீர்கள், தூங்குகிறேன். வெக்கையானாலும் போர்த்திக்கொண்டு படுக்க உங்கள் கம்பளிப் போர்வையை மட்டும் அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், இன்னொருவர் கரை ஒதுங்கியிருக்கிறாராம்.

உங்கள் நில்டா