அடித்தல் திருத்தல் இல்லாத தாள்

ஜூன் 9, திங்கள்

இன்றும் மதியச் சாப்பாடு மாடிப்படியில்தான். உள்ளே எல்லோரும் ஒரே மேசையில் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். போன் பேச வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே உட்கார்ந்தால் 'உங்க அப்பா என்ன பண்றாங்க' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேலையில் சேர்ந்த அன்று 'தி. நகர்ல ஜவுளிக்கடை' என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். கடையில் லிஃப்ட் ஆபரேட்டர் என்பதைச் சொல்லவில்லை.

மத்தியானம் எங்கள் யூடியூப் சேனலை நடத்தும் சக்திவேல் சார் அடுத்த எபிசோடைச் சொன்னார். 2008-இல் மந்தைவெளி பறக்கும் ரயில் பாலத்துக்குக் கீழே, கால்வாய் ஓரம், தலையில் அடிபட்டு இறந்து கிடந்த கரீமுல்லா. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். அடித்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. சட்டைப்பையில் ஒரு பேனா, மடித்த இரண்டு தாள்கள். தாள் நிறைய எந்த மொழியிலும் சேராத எழுத்துகள். அப்போது பத்திரிகையில் வந்த படத்தைப் பெரிதாக்கி ஆளுக்கு ஒரு நகல் கொடுத்தார்.

"இத்தினி வருஷமா ஒருத்தராலயும் படிக்க முடியல. கூலிப்படை கோட். தம்ப்நெயில் தானா வந்து உக்காரும் மச்சி" என்றார் எடிட்டர் தௌஃபீக்கிடம்.

ஸ்கிரிப்ட் நான் எழுத வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இணையத்தில் இந்தத் தாள்களுக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எந்தக் குறி எங்கே திரும்ப வருகிறது என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒருவர் தாளில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை நிறுத்தக்குறிகளாக எடுத்துக்கொண்டு, இது துறைமுகத்தில் கடத்தல் சரக்கு இறங்கும் நாட்கள் என்று முடித்தே விட்டார்.

எனக்குக் கண்ணில் பட்டது வேறு. இரண்டு தாளிலும் ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் அடிப்பார்கள். யோசிக்க நிற்பார்கள், நின்ற இடத்தில் மை ஊறும். இவர் நிற்கவேயில்லை. வரி நேராக, வேகமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்படிப்பட்ட பக்கத்தை எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

'பொண்ணு போனா பேசுவாங்க' என்று சார் என்னை மீர்சாகிப்பேட்டைக்கு அனுப்பினார். கரீமுல்லாவின் அக்கா அமீனா பீயின் வீடு. கதவைத் திறந்ததும், "பேப்பரா, டிவியா?" என்றார். யூடியூப் என்றேன். "அது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிவிட்டு உள்ளே விட்டார். கேட்காமலே ரஸ்னா கலக்கிக் கொடுத்தார்.

நகலை எடுத்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"என் தம்பிக்கு எழுதப் படிக்கத் தெரியாது கண்ணு. அன்னைக்கே போலீஸ்ல சொன்னேன். பாக்கெட்ல பேனா வெச்சிக்கினு சுத்துறவனுக்கு எழுதத் தெரியாதா, யாரைக் காப்பாத்தப் பாக்குறேன்னு என்னியே கேட்டாங்க."

"அப்போ இது என்னம்மா?"

உள்ளேயிருந்து மகள் ரூபீனா வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருப்பாள். அப்போது ஒன்றாம் வகுப்பாம். வீட்டுப்பாடம் எழுதத் தனியாக உட்கார மாட்டாளாம், அழுவாளாம். வேலை முடிந்து வரும் மாமா கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பக்கத்தில் உட்காருவார். "மாமூக்கும் ஹோம்வொர்க் கீதுன்னு சொல்லிக்கினே எழுதுவாருக்கா. முடிச்சதும் மடிச்சு பாக்கெட்ல வெச்சிக்குவாரு. டீச்சருக்குக் காட்டணுமாம்." அந்தப் பழுப்புப் புள்ளிகள் பாலிஷ் கறை.

"அவருக்கு எழுத வராதுன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொன்னா பக்கத்துல உக்கார மாட்டாரே."

இறந்த அன்று மாலையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தாராம். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போயிருக்கிறார்.

அமீனா பீ ரஸ்னா டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எழுத்தைப் படிக்கத்தான் எல்லாரும் வர்றீங்க. அவனை யார் அடிச்சாங்க, அன்னைக்கு யார் கூடப் போனான்னு கேக்க ஒருத்தரும் வரல." குரல் உயரவேயில்லை.

வாசல்வரை வந்த ரூபீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நிச்சயம் ஆயிருக்குக்கா. மாப்ள வீட்ல உங்க சேனல்தான் பாப்பாங்க. கூலிப்படைன்னு மட்டும் போடாதீங்க." முடிந்ததைச் செய்கிறேன் என்றேன். என்னால் என்ன முடியும்?

ஜூன் 13, வெள்ளி

சாரிடம் சொன்னேன். "அக்கா வேற எப்படிச் சொல்லுவாங்க? எழுதவே தெரியாத ஆளு ரெண்டு பக்கம் எழுதுவானா? யாரு நம்புவா? கோட் இல்லன்னா எபிசோடே இல்ல ஸ்வர்ணா."

தௌஃபீக் சொன்னார்: "ஏன் சார், நான் என்ஜினியரிங் பரீட்சையே அப்படித்தான் எழுதினேன். அடிஷனல் ஷீட் வேற வாங்கினேன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஒரு வாக்கியம் போதும். 'எங்க அப்பா எழுதுவார் சார்.' அதைச் சொல்லவில்லை. என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் தினமும் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். பக்கத்து ஆள் புரட்டும்போது அவரும் புரட்டுவார். நான் பள்ளியில் படித்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வரிவரியாக எழுதுவார். 'அப்பாவும் படிக்கேன் பாரு' என்பார். மூன்றாம் வகுப்பில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

அதைப் போய் ஆபீஸில் எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கணுமா? அங்கே ஒருத்தர் மானத்தைக் காப்பாத்த எங்கப்பா மானமா? அவரு என்ன பாவம் பண்ணாரு?

ஜூன் 14, சனி

'கூலிப்படை' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். புதன்கிழமை படப்பிடிப்பு.

ஜூன் 16, திங்கள்

அப்பாவுக்கு வார விடுமுறை. நான் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏளா, ஆபீஸ்ல எவனும் எதுவும் சொன்னானா?" என்றார்.

கரீமுல்லாவின் கதையை மட்டும் சொன்னேன். பேனா, ரூபீனா, ஹோம்வொர்க், தாள்கள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "மாமனுக்கு எழுத வராதுன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. அப்பவே."

"சொல்லலியாக்கும்."

"சொல்லல."

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை வருடம் ஒளித்து வைத்தது அவ்வளவில் முடிந்துவிட்டது.

எழுந்து சட்டையை எடுத்தார். "இன்னைக்கு லீவுதான. நான் வந்து எழுதிக் காட்டட்டா?"

"வேண்டாம்ப்பா. எல்லாரும் இருப்பாங்க."

"அவன் செத்துப்போனாம்லா. அவனா வந்து காட்டுவான்?"

அம்மா உள்ளேயிருந்து, "அந்தக் காலர் கிழிஞ்சதப் போடாதீங்க, தீபாவளிச் சட்டையப் போடுங்க" என்றாள்.

தேனாம்பேட்டையில் இருக்கும் ஆபீஸுக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். உள்ளே போனதும் நின்றுகொண்டே சொன்னேன். "சார், எங்க அப்பா. வெள்ளைத்துரை. லிஃப்ட் ஆபரேட்டர். எழுதப் படிக்கத் தெரியாது." அந்த அறையில் என் குரல் இவ்வளவு தெளிவாக ஒலித்து நான் கேட்டதில்லை.

அப்பா மேசையில் உட்கார்ந்தார். தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தௌஃபீக் கேமராவை வைக்கலாமா என்று கேட்டார், அப்பா தலையாட்டினார். எழுத ஆரம்பித்தார். கொக்கி, வளைவு, கோடு, மேலே ஒரு புள்ளி. நேராக, வேகமாக, எங்கும் நிற்காமல். பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பி, "போதுமா, பின்னாலயும் வேணுமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சக்திவேல் சார் அந்தத் தாளையும் கரீமுல்லாவின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "தேங்க்ஸ் சார்" என்றார் அப்பாவிடம். அவர் யாரையும் சார் என்று கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் அப்பா சொன்னது ஒன்றுதான்: "ஏசி நல்லா போட்டிருக்கான்."

ஜூன் 17, செவ்வாய்

புதிய தலைப்பு: 'கரீமுல்லாவை அடித்தது யார்?' அமீனா பீ சொன்னதை அப்படியே முதல் வரியாக வைத்தேன். சார் மாற்றவில்லை.

ஜூன் 19, வியாழன்

மேசையில் சாப்பிட்டேன். அம்மா வைத்த புளிக்கறியில் பாதி தௌஃபீக்குக்குப் போயிற்று.

ஜூலை 5, சனி

நேற்று எபிசோட் வெளியானது. வழக்கமாகப் பார்ப்பவர்களில் பாதிப்பேர்கூடப் பார்க்கவில்லை. 'கோட் எங்கடா' என்று கேட்டிருக்கிறார்கள். துறைமுகக்காரர் மட்டும் விடவில்லை. அப்பா எழுதிய தாளையும் தன் அட்டவணையில் போட்டு, இரண்டும் ஒரே கும்பலின் எழுத்து என்று நீளமாக விளக்கியிருக்கிறார். அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"நான் என்ன எழுதியிருக்கேனாம்?"

"அடுத்த சரக்கு எப்ப வருதுன்னுப்பா."

இருமல் வரும்வரை சிரித்தார். "ஏ தங்கபுஷ்பம், நான் கடத்தல்காரனாம்ளா" என்று அடுப்படிக்குக் குரல் கொடுத்தார். "அப்ப அரிசி வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா.

ஜூலை 15, செவ்வாய்

மாலை அமீனா பீ போன் செய்தார். சம்பந்தி வீட்டிலும் பார்த்தார்களாம். நிக்காஹ் தேதி மாறவில்லை. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன்.

"ஸ்டேஷன்லேர்ந்து வந்தாங்க கண்ணு. புதுசா வந்த அதிகாரி. பேப்பரைப் பத்திப் பேச்சே எடுக்கல. அன்னைக்கு சாயங்காலம் யார் வந்து கூப்டாங்க, யார் கூடப் போனான்னு கேட்டாரு."

"சொன்னீங்களாம்மா?"

"பேரைச் சொன்னேன். அப்பவும் சொல்லத்தான் வாயெடுத்தேன். மொதல்ல பேப்பர்ல இன்னா கீதுன்னு சொல்லு, மத்தது அப்புறம்னாங்க. அந்த அப்புறம் வரவே இல்ல."

கடைசியில் இதைத்தான் கேட்டேன்.

"பேரை அவர் எழுதிக்கிட்டாராம்மா?"

"எழுதிக்கினாரு."