கண் திறக்காத ஒன்பது பேர்

என் செல்லத் தம்பி சேவியருக்கு,

அக்காதான். உன் சைட்டுக்குப் போய்விட்டு வந்தேன். ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்த இடத்துக்கு, நீ இல்லாமல். வந்ததிலிருந்து டூட்டியில் கை ஓடவில்லை. உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்ல?

முருகேசன்தான் போன் செய்தான். உன் ரூம்காரன், உன்னோடு அச்சு வார்க்கும் மோல்டிங் வேலை பார்த்த சிவகங்கைக்காரன். "அக்கா, கம்பெனி எங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்புது. வேலை கலாஸ், முடிஞ்சுபோச்சு. நான் போறதுக்குள்ள நீங்க ஒருதடவை சைட்டுக்கு வந்துருங்க" என்றான். எதற்கு என்று கேட்டேன். "போன்ல சொல்ல வரலக்கா."

பணம் நின்றுபோனதில் இங்கே வளைகுடாவில் இப்போது எல்லாம் அப்படித்தான், தம்பி. பாதியில் நின்ற கட்டடங்களுக்கு மேல் கிரேன்கள் அசையாமல் நிற்கின்றன. போன வருடம் இதே நேரம் தூங்க நேரமில்லை என்று புலம்பினாயே.

கராமா மெஸ்ஸில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே நீ சொன்னது நினைவிருக்கிறது. "யக்கா, ரோமாபுரியில அந்தக் காலத்துல ஊர் கூடுன சதுக்கம் ஒண்ணு இருக்காம். கோயிலு, வளைவு, மேடை எல்லாம் இடிஞ்சு மண்ணுக்குள்ள போயிருக்கு. தோண்டி எடுத்து வச்சிருக்கானுவ. சுத்திப் பாக்க வாரவங்களுக்காக அதை இடிஞ்சு கெடக்க மாதிரியே இங்க கட்டணுமாம். தூணைப் புதுசா வார்க்கோம், காயுததுக்குள்ள உளி வச்சு உடைக்கோம். போட்டோவுல எங்க விரிசலோ, அங்க விரிசல். நல்லா இடிச்சிருக்கேன்னு ஃபோர்மேன் மெச்சுதாரு!" சொல்லிவிட்டுப் புரையேறச் சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் அந்த மூடுபனிக் காலை. நீ ஏறிய கேம்ப் பஸ்ஸின் டிரைவர் முன்னால் நின்ற லாரியைப் பார்க்கவில்லை.

நான் நர்ஸ் என்று சொல்லியும் பிணவறை டாக்டர் உன் முகத்துணியை விலக்க விடவில்லை. "சிஸ்டர், வேண்டாம்" என்றார். உன் இடது பாதத்தில் சிப்பி கிழித்த தழும்பைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை ஊரிலும் திறக்கவில்லை. அம்மா போனில் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏட்டி, நீ அவன் மொவத்தப் பாத்தியா?"

"பாத்தேம்மா. தூங்குத மாதிரிதான் இருந்தான்" என்றேன்.

"சரி" என்றாள் அம்மா. மறுபடி கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முருகேசனோடு டாக்ஸியில் போனேன். அல் ஐன் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்தால் தார் முடிந்து மணல். தகர வேலிக்கு நடுவே ஒரு கேட். காவலுக்கு இந்தி பேசும் ஒரு பட்டாணியக் கிழவர். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். சாவியைத் தேடிய கை அப்படியே நின்றது.

"பஹன், ஆப்கா பாயி அந்தர் ஹை" என்றார்.

'சகோதரி, உங்கள் தம்பி உள்ளே இருக்கிறான்' என்கிறார். முருகேசனைப் பார்த்தேன். "நான் இவர்கிட்ட ஒண்ணுமே சொல்லலக்கா. சத்தியமா."

உள்ளே போனோம். நீ சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது, தம்பி. மேற்கூரை இல்லாத கோயில் ஒன்று எட்டுத் தூண்களோடு நின்றது. பாதி வளைவு, ஏறிப் பேச ஒரு கல்மேடை, அதற்கு முன்னால் ஆயிரம் பேர் நிற்கலாம் போல ஒரு வெற்றுத் தரை. ஆள் இல்லை, பறவை இல்லை. வெயிலில் ஓரிடத்தில் பூச்சு உரிந்திருந்தது. நீ உடைத்த விரிசல் எது, தானாக விட்ட விரிசல் எது என்று முருகேசனுக்கே தெரியவில்லை. தூண்களெல்லாம் உள்ளே வெறும் கூடு. சூடு ஏற ஏற அவற்றுக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம். யாரோ உள்ளே நின்று விரலால் தட்டுவது போல. நான் நின்றால் அதுவும் நின்றது. என் பிரமையாக இருக்கலாம். இருக்கலாம்தானே?

மேடைக்குப் பின்னால் ஒன்பது சிலைகள் வரிசையாக நின்றன. நீண்ட துணியைத் தோளில் சுற்றிய ரோமாபுரிப் பெரிய மனிதர்கள். முழங்கால் வரை மணல்.

ஒன்பதும் நீ.

உன் புருவம், கிழவர் என் முகத்தில் அடையாளம் கண்ட அதே நம் மூக்கு, நெற்றியில் அந்த அம்மைத் தழும்பு. ஒன்பது பேரும் கண்ணை மூடியிருந்தீர்கள்.

"சிலைக்கு வரவேண்டிய தலைங்க வரலக்கா" என்று முருகேசன் அழ ஆரம்பித்தான். "யாராவது முகத்துல அச்சு எடுங்கடான்னாரு ஃபோர்மேன். மூக்குல குழாயைச் சொருகிட்டு அவ்வளவு நேரம் பிளாஸ்டருக்குள்ள கெடக்க யாருக்கும் தைரியம் வரல. சேவியர்தான் படுத்தான். அக்காகிட்ட இப்ப சொல்லாத, நேர்ல காட்டிச் சிரிக்க வைக்கணும்னான். கண்ணை அப்புறமா உளியால திறக்குறதா இருந்துச்சு. அதுக்குள்ள வேலையை நிறுத்திட்டாங்க."

முதல் சிலையைத் தொட்டேன். வெயிலில் கிடந்து உடம்புச் சூடாக இருந்தது. என் விரல் தானாகக் கழுத்துக்குப் போய் நாடி பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, முருகேசன்தான் கையை எடுத்துவிட்டான்.

அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

"தெரியும்ட்டி" என்றாள் அம்மா. "தூங்குத மாதிரின்னு நீ சொன்னப்பவே தெரியும். வாயை மூடியிருந்தானான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா மூடியிருந்தான்னுதான் சொல்லியிருப்ப. அவன் என்னைக்கு வாயை மூடித் தூங்குனான்?"

அவளே மேலும் கேட்டாள். "அங்க நிக்கவங்க வாய் எப்படி இருக்கு?"

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எட்டுப் பேருக்கும் உதடு ஒட்டியிருந்தது. கடைசியில், வேலியோரம் நின்ற ஒன்பதாவது ஆளுக்கு மட்டும் உதடு விலகியிருந்தது. உள்ளே மணல். "அச்சு பிசகியிருக்கும்க்கா" என்றான் முருகேசன். ஆனால் பக்கத்தில் வரவில்லை.

ஒரு விரலால் உன் வாயிலிருந்த மணலையெல்லாம் எடுத்துவிட்டேன், தம்பி.

"ஒருத்தனுக்குத் தொறந்திருக்கும்மா."

அம்மா அப்போதுதான் அழுதாள். பெட்டி வந்த அன்றுகூட அழாதவள். அழுது முடித்து, "பேரு எழுதியிருக்கா?" என்றாள்.

"இல்லம்மா."

"எழுது. நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்து எந்த ராசாவோன்னு நினைச்சிரப் போறான்."

முருகேசன் விமானம் ஏறும் முன் உன் உளியை என்னிடம் தந்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை நான் தனியாகவே போனேன். கிழவர் எதுவும் கேட்காமல் கேட்டைத் திறந்தார். வாய் திறந்தவனின் பிடரியில் முதலில் உன் பெயரையும் நம் ஊரையும் வெட்டினேன். சேவியர், பெரியதாழை. எனக்கு எழுத்து கோணலாகத்தான் வருகிறது. தட்டத் தட்ட, கோயில் தூண்களும் பதிலுக்குத் தட்டின. இந்த முறை எனக்குப் பயமாக இல்லை.

இன்னும் எட்டுப் பேர். மணல் இப்போது இடுப்பை நெருங்குகிறது. அது உன் கழுத்துக்கு ஏறுவதற்குள் எட்டுப் பேருக்கும் பெயர் வெட்டிவிடுவேன். ஒருவனைக்கூடப் பெயரில்லாமல் மண்ணுக்குள் விடமாட்டேன்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா,
ஸ்டெல்லா